வராத போனுக்கு ஒரு கவர்

“கடைசியா கேக்குறேன். கேமரா எந்தப் பக்கம்?” என்றார் முதலாளி.

அளவுக்காரர் கம்ப்யூட்டர் திரையை வெறித்தார். அடுத்த மாதம் வெளியாகப்போகிற ஆண்ட்ராய்டு போன் ஒன்று அதில் ஏழெட்டு வேஷத்தில் நின்றது. அந்தப் போனைப் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைத் தெரியும் என்றவர்கள் மட்டும் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அது செல்போன் கவர் செய்கிற சின்னப் பட்டறை. போன் கடைக்கு வருகிற அன்றே கவரும் கடையில் தொங்க வேண்டும். ஒருநாள் தாமதித்தால் எதிர்ப்பட்டறைக்காரர் முந்திக்கொள்வார். போன் கம்பெனியோ அளவைச் சொல்லித் தொலையாது. ஆகையால், வதந்திகளைத் திரட்டி, எது மெய் எது புளுகு என்று எடைபோட்டு, வராத போனுக்குக் கவர் வரைவதுதான் அளவுக்காரரின் உத்தியோகம். பிள்ளை பிறக்குமுன் சட்டை தைக்கிற பிழைப்பு. எதைக் கண்டாலும் ஸ்கேலை நீட்டுகிறவர் என்பதால் அவர் பெயரே அப்படி ஆகிவிட்டது.

இந்தத் தடவை வதந்திகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. பேட்டரி பூதம் மாதிரி என்றது ஒரு தளம். போன் அட்டை மாதிரி மெலிசு என்றது இன்னொன்று. இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் பட்டனே கிடையாது, தடவினால் போதும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஆக, கவரில் வெட்ட வேண்டியது கேமரா ஓட்டை ஒன்றுதான். அது இடது மூலையிலா, வலது மூலையிலா, நடுவிலா என்பதுதான் கேள்வி.

போன தடவை அவர் வரைந்த கவர் சார்ஜர் ஓட்டையை மூடிக்கொண்டது. அதற்கு முந்தையது போனுக்குத் தொளதொளவென்று இருந்தது. இன்னொரு தடவை பிசகினால் சீட்டைக் கிழித்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

“பேட்டரி பெரிசுன்னா நடுவுல இடம் இருக்காது சார். உள்ள இருக்கிற சமாசாரமெல்லாம் மேல ஒதுங்கணும். கணக்குப் போட்டுப் பார்த்தா இடது மூலைதான்.”

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அளவுக்காரரின் போன் அடித்தது. அதில் காதுகிட்டே கேட்கிற பகுதி செத்து வெகுநாளாகிறது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும். புதுப் போன் வரப்போகிறதே, எதற்குப் பழுது பார்ப்பது என்று விட்டுவைத்திருந்தார். அதனால் அவர் வீட்டு விவகாரம் முழுக்கப் பட்டறைக்கு அத்துப்படி.

“என்னங்க, மறுபடியும் சாக்ஸை உள்பக்கம் வெளியில தெரியுற மாதிரி உருவிப் போட்டுட்டுப் போயிருக்கீங்க. ஒவ்வொண்ணா திருப்புறதுக்கா என்னைக் கட்டிக்கிட்டீங்க?” என்றது மனைவியின் குரல், அறை முழுக்க.

முதலாளி கூரையைப் பார்த்தார். “இடது மூலை. போட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பட்டறையில் இதுவரை கெட்டிப் பிளாஸ்டிக் கவர்தான். மெத்தென்ற ரப்பர் கவர் இதுதான் முதல் தடவை. அதற்கென்று புது மெஷினும், மெஷினோடு காதில் பஞ்சு வைத்த ஒரு மெஷின்காரரும் வந்திருந்தார்கள். வதந்தி அடிக்கடி மாறும் என்பதால் அச்சை ஒரு தந்திரத்தோடு செய்திருந்தார்கள். கேமரா ஓட்டைக்கான கட்டை இரண்டு திருகாணியில் நிற்கும். கழற்றி எந்த மூலையிலும் மாட்டலாம்.

முதல் தட்டு இறங்கும்போது அளவுக்காரர் மாடியிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றார். மெஷின்காரர் சூடான அச்சிலிருந்து ஒவ்வொரு கவராகத் தோலுரிப்பதுபோல் உரித்துத் தட்டில் போட்டார். அளவுக்காரர் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஓட்டை வலது மூலையில் இருந்தது.

தட்டில் இருந்த அத்தனையும் அப்படித்தான். அச்சு வேலையில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறித் தெரியும்; அதை நினைவில் வைத்துத்தான் வரைய வேண்டும். அதில்தான் கோட்டை விட்டிருக்கிறோம் என்று அவர் முடிவு கட்டினார். மெஷின்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு வெளிப்படும், வெளிப்பட்டால் வேலை போகும். “இது சோதனைக்கு” என்று மெஷின் இரைச்சலில் கத்திவிட்டு, தட்டோடு அள்ளித் தன் பையில் திணித்தார். கட்டையைக் கழற்றி அவரே அடுத்த மூலையில் மாட்டினார். மறுபடி ஓட்டச் சொன்னார்.

இந்தத் தடவை உரித்துப் போட்ட கவரில் ஓட்டை இடது மூலையில் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

அங்கிருந்து தட்டுகள் ஒட்டுகிற அறைக்குப் போகும். அங்கே உள்பக்கம் பூத்துணி ஒட்டிப் பெட்டியில் அடுக்கி முத்திரை வைப்பார்கள். அந்தப் பசை வாசனை பட்டால் அளவுக்காரருக்கு அடுக்குத் தும்மல் வரும் என்பதால் அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை.

தப்புக் கவர்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தொலைந்தது சனியன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த வீட்டில் மனைவியின் தம்பியும் இருந்தான். வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, வரப்போகிற போன்களைப் பற்றி வீடியோ போடுகிறவன். மாமா கவர்ப் பட்டறையில் வேலை செய்தும் ஒரு ரகசியம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று அவனுக்கு நெடுநாள் குறை.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டார். பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த திரையில் ஒரு கறுப்புக் கவர். ஓட்டை வலது மூலையில். ‘அதிர்ச்சித் தகவல்! நம்பகமான தொழிற்சாலை வட்டாரத்திலிருந்து!’ என்று மேலே கொட்டை எழுத்து.

“ஊரே இதைத்தான் பேசுது. எதிர்ப்பட்டறையில ராவோடு ராவா அச்சை மாத்திட்டான். எங்கிருந்துய்யா கிடைச்சிருக்கும் இது?”

அளவுக்காரருக்குக் கவரைவிட அதற்குக் கீழே விரித்திருந்த போர்வைதான் கண்ணில் பட்டது. நீலப் போர்வை, மஞ்சள் பூ, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அந்தத் தழும்பைச் சுட்டதே அவர்தான். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தார்.

மச்சினன் கட்டிலில் சாய்ந்து, வந்து குவிகிற பாராட்டைப் படித்துக்கொண்டிருந்தான். சார்ஜர் தேடிக் குனிந்தபோது அகப்பட்டதாம். அது தப்பாக வெட்டிய கவர் என்று அளவுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வீடியோவை உடனே நீக்கு, வேலை போய்விடும் என்று கெஞ்சினார். பையன் கெட்டவனில்லை. மாமாவுக்காக நீக்கிவிட்டான்.

அதுதான் வினையாகப் போயிற்று. நீக்கிவிட்டார்கள் என்றால் கம்பெனி மிரட்டியிருக்கிறது, கம்பெனி மிரட்டினால் செய்தி உண்மை என்று உலகம் முடிவு கட்டியது. நீக்கிய படத்தை ஆளாளுக்குத் திரும்பப் போட்டார்கள். அளவுக்காரர் பயந்துபோய், அது வெறும் பழுதான கவர் என்று மச்சினனை ஒரு மறுப்பு சொல்லச் சொன்னார். சொன்னான். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள்.

“விடுங்க மாமா. இப்ப எனக்கே அது வலதுதான்னு தோணுது,” என்றான் மச்சினன்.

அடுத்த நாள் முதலாளி ஒரே வரியில் உத்தரவு போட்டார். கட்டையை வலதுக்கு மாற்று.

அளவுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு மெஷின் முன்னால் வெகுநேரம் நின்றார். நாடே நம்புகிற வதந்தி தன் கட்டிலுக்கு அடியில் பிறந்தது என்பது பட்டறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே வேலை போகும். வலதுக்கு மாற்றினால் போன் வருகிற அன்று போகும். மாற்றாமலே இருந்தால்? கணக்குப் போட்டது அவரே. கணக்கு இடது என்றுதான் சொன்னது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் கணக்கை நம்பினால் என்ன என்று அவருக்கு ஒரு வீம்பு வந்தது. அச்சைத் தொடாமலே மேலே ஏறினார்.

“மாத்தியாச்சா?”

“ஆச்சு சார்.”

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் மெஷின் அருகே போய் நிற்பார். உரித்துப் போடுகிற கவரில் இடது மூலையைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் கும்பிட்டுவிட்டு வருவார். பெட்டிகள் முத்திரை வைக்கப்பட்டுச் சுவர் உயரத்துக்கு ஏறின.

போன் வெளியாகிற நாளும் வந்தது. முதலாளியின் அறையில் டீவி முன்னால் பட்டறையே கூடியிருந்தது. மேடையில் ஒருவர் பேட்டரியைப் பற்றி நீட்டி முழக்கினார். பேட்டரி பூதம்தான். பட்டன் கிடையாதுதான். பிறகு போனைத் திருப்பி முதுகைக் காட்டினார்.

கேமரா இடது மூலையில் இருந்தது.

எதிர்ப்பட்டறையிலிருந்து “ஐயோ” என்று ஒரு குரல் தெருவைத் தாண்டி வந்தது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். “போச்சு. அத்தனையும் வலது. பட்டறைக்குப் பூட்டு வாங்கிட்டு வாங்க,” என்றார்.

அளவுக்காரர் எழுந்தார். இடுப்பு நிமிர்ந்து அவரை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“மன்னிச்சிடுங்க சார். நான் அச்சை மாத்தவே இல்ல. நம்ம பெட்டியில இருக்கிறது எல்லாமே இடதுதான்.”

முதல் தட்டு, கட்டில், போர்வை, மச்சினன் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். முதலாளி வாயைப் பிளந்து கேட்டார். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஊரிலேயே சரியான கவர் வைத்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று முதலாளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனி பட்டறையில் அளவுக்காரர் சொன்னதுதான் சட்டம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

“ஒரு பெட்டியைப் பிரிங்க. கண்ணால பார்க்கணும்.”

ஒட்டுகிற அறையின் தலைவி பெட்டியைக் கொண்டுவந்தார். அளவுக்காரரே முத்திரையைக் கிழித்து, ஒரு கவரை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

ஓட்டை வலது மூலையில் இருந்தது.

அவர் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். வலது. இன்னொரு பெட்டியைக் கிழித்தார். அதுவும் வலது. உள்ளே பூத்துணி ஒட்டி, பளபளவென்று, அத்தனையும் வலது. முதலாளியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“நான் பார்த்தேனே! மெஷின்லேருந்து வர்றப்ப இடதுதான் சார். தினமும் பார்த்தேன். உள்ள கொண்டுபோய் யாரோ என்னவோ செஞ்சிருக்காங்க.”

ஒட்டுகிற அறைத் தலைவிக்குச் சுருக்கென்று வந்தது. “யாரு என்ன செஞ்சாங்க? ரப்பர் கவருக்கு என்ன செய்யணுமோ அதைத்தான் செஞ்சோம். வந்ததை நேராக்கினோம், துணி ஒட்டினோம், அடுக்கினோம்.”

“நேராக்குறதுன்னா?” என்றார் அளவுக்காரர்.

தலைவி பதில் சொல்வதற்குள் அளவுக்காரரின் போன் அடித்தது. அவர் அதை அழுத்த, ஸ்பீக்கரில் மனைவியின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“என்னங்க, கட்டிலுக்கு அடியில ரப்பர் கவரு கொஞ்சம் கிடந்துச்சு, உங்க சாக்ஸ் மாதிரியே அத்தனையும் உள்பக்கம் வெளியில கிடக்குதேன்னு ஒவ்வொண்ணா திருப்பி வச்சேன், இப்ப டீவில காட்டுற போனுக்கு அளவெடுத்த மாதிரி ஓட்டைகூட இடது மூலையில அப்படியே இருக்கே, இதையா தப்புன்னு கொண்டாந்து போட்டீங்க?”