வலது பக்கம் திரும்பத் தெரியாத சாம்பியன்

நெப்ராஸ்கா,
ஜூன் 14.

நமது கார் மன்றத்து மாத மடலின் ஆசிரியர் டெல்பர்ட் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற தபால்காரன் வெர்லின் ஸ்டட்ஸ்மன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை.

'பன்னிரண்டாம் முறையும் வெர்லினே!' என்று முன்கூட்டியே எழுதி வைத்தீர்களே, அந்தத் தலைப்பைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். சந்தை மைதானத்துத் தார்த்தரையில், சாலையில் வைக்கும் ரப்பர் கூம்புகளை வரிசையாக நிறுத்திக் கார் பந்தயப் பாதை போடுவது பதினோரு வருடமாக என் வேலை. இம்முறை பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் கேட்டாள், விட்டுக்கொடுத்தேன். ஓட்டுவதற்கு முன் எல்லாரும் பாதையை நடந்து பார்ப்பது வழக்கமல்லவா? நான் நடக்கவில்லை. காபியும் கையுமாக நின்று, நடந்தவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்க நடக்கலையா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இந்தத் தார்ல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்று பீற்றிக்கொண்டேன். கொடி இறங்கியது, பறந்தேன், ஐந்து கூம்புகளை வளைந்து நெளிந்து தாண்டியதும் என் கை பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஒடித்தது. பாதை வலது பக்கம் போயிருந்தது. விழுந்த கூம்புகளை நிமிர்த்தும் முறை அப்போது என் மனைவி லோர்னாவுக்கு. அவள் வாக்கிடாக்கியில் சொல்வது மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும்.

"நாலு கூம்பு காலி. ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு. இருங்க, அஞ்சாவதும் போச்சு. ஏங்க, இந்தப் பக்கம் வராதீங்க, நான் நிக்கிறேன்!"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என்னிடம் ஓட்டப் பழகிய ஒன்பது பேரும் அதே இடத்தில் இடது பக்கம் திரும்பினார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. அன்றுதான் முதன்முதலாக வந்த ஜோலீன், பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண், அம்மாவின் பழைய காரில் வலது பக்கம் திரும்பிக் கோப்பையை வாங்கிப் போய்விட்டாள். அவளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

மார்லிஸ் என்னைத் திட்டவில்லை. "வெர்லின், நீங்க பாதையைப் பாத்து ஓட்டல. மனப்பாடத்தை ஒப்பிச்சீங்க. அந்த ஒம்போது பேரையும் அப்படியே பழக்கிட்டீங்களேய்யா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலது வளைவு எனக்குக் கைவராது. அதனால்தான் பதினோரு வருடமும் இடது வளைவாகவே போட்டேன். கேட்டவர்களிடம் பாதுகாப்புக்காக என்றேன். வெட்கமாக இருக்கிறது, டெல்பர்ட். அந்த ஒன்பது பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாக, இந்தக் கடிதத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள். கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கிறேன். இனி கூம்பைத் தொடமாட்டேன்.

தங்கள் வீட்டாருக்கும் முழங்காலுக்கும் என் அன்பு.

தலைகுனிந்த,
வெர்லின்

பின்குறிப்பு: இப்போதுதான் மார்லிஸ் தொலைபேசினாள். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணமாம். பாதை போட வேறு ஆள் இல்லையாம். ஆகவே மேற்படி கடிதத்தைப் போட வேண்டாம். பாதையின் படத்தை வரைந்துவிட்டேன். இம்முறை ஒரு வலது வளைவும் நிச்சயம் உண்டு: முடிவுக் கோட்டைத் தாண்டியபின், கழிப்பறைக்குப் போகும் வழியில்.