லோரிதான் சரியில்லை

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு ஆப் செய்தால் என்ன என்று தோன்றும். (இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்க ஆப் செய்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு.) எனக்கு அது இறுதியாண்டில் முற்றியது. பலியானது அப்பாவின் தக்காளி.

எங்களுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. அம்மாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அப்பா எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி வைத்திருந்தார். நானோ, தக்காளியைப் போட்டோ எடுத்தால் பழமா காயா என்று சொல்லும் புரோகிராமை எழுதியிருந்தேன். அதைப் பழக்க இணையத்திலிருந்து படங்களை அள்ளி இறக்கினேன். எங்கள் தோட்டத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. (சேறும் கோழிச்சாண வாடையும் ஏர்கண்டிஷன் லேப்பில் உட்காருகிறவளுக்கு ஆகுமா?)

விவசாயி ஒருவர் அதைப் பயன்படுத்திப் பார்த்து, படிவத்தில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் புராஜெக்ட் இல்லை, பட்டமும் இல்லை. செமஸ்டர் லீவில் போனும் கையுமாக வந்து இறங்கினேன்.

அப்பா பறிக்கத் தயாராக நின்றார். காய்கள் அப்போதுதான் லேசாக நிறம் மாறியிருந்தன. போனைக் காட்டினேன். "காய்" என்றது.

"இன்னும் நாலு நாள் விடணும்ப்பா."

"எப்பவும் இந்தக் கலர்லதானம்மா பறிப்போம்?"

"அதான் தப்பு. இது நூத்துக்கு நூறு கரெக்டா சொல்லும்."

அப்பா போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கோலா தெர்லா முழுக்க "என் மக கம்ப்யூட்டர் படிக்கிறா" என்று சொல்லித் திரிந்தவர். அந்த வாயால் எப்படி மறுப்பார்? சரி என்றார்.

நாலாம் நாள் தக்காளி சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. பறித்துக் கூடைகளை நிரப்பினோம். லோரி ஓட்டும் சிவா அண்ணன் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"என்னாண்ணே இது? கோலாலம்பூர் போறதுக்குள்ள சட்னி ஆயிரும் லா!"

"ஏத்து சிவா. கம்ப்யூட்டர் பாத்து சொன்னது."

மலை இறங்கும் பாதையில் எத்தனை வளைவு என்று என் புரோகிராமுக்குத் தெரியாது. மறுநாள், மார்க்கெட்டில் வேண்டாமென்று தள்ளிய கூடைகளோடு லோரி திரும்பி வந்தது. பின்கதவிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, உள்ளே என்ன என்று கொஞ்சம் பயந்துகொண்டே விசாரித்தாராம்.

காயாகப் பறித்தால்தான் போகிற வழியில் பழுக்கும். எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்து வளர்ந்தவள்தானே. பரீட்சையில் யாரும் கேட்கவில்லை, மறந்துவிட்டேன்.

அந்த வாரம் லயம் முழுக்கத் தக்காளித் தொக்கு. அப்பாவின் ஒரு பறிப்பை நாசமாக்கிவிட்டேனே என்று அறைக்குள் அழுதுகொண்டிருந்தேன். படிவத்தை நீட்ட எனக்கு முகமில்லை. கிளம்பும் நாளில் பையைத் திறந்தால், அப்பாவே அதை எடுத்து நிரப்பி வைத்திருந்தார்: "புரோகிராம் நல்லா இருக்கு. லோரிதான் சரியில்லை." கீழே கையெழுத்து.

புராஜெக்டை விளக்கும் நாளில் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"லோரிக்கு என்ன?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்காக அப்பா சொன்ன பொய்யை என்னால் விழுங்க முடியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மூன்று வாரம் அவகாசம் தந்தார். இந்த முறை சேற்றில் இறங்கி, அப்பா காட்டிய ஒவ்வொரு காயையும் படமெடுத்தேன். பாஸாகிவிட்டேன்.

போன வருஷம், நான் விரும்பியவரின் போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோல நல்லாத்தான் இருக்காரு. லோரியில ஏத்துனா தாங்குவாரா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அவரைச் சிவா அண்ணனின் லோரியில் கோலாலம்பூருக்கு அனுப்பிவைத்தார். போகும்போது இரண்டு தடவை, வரும்போது ஒரு தடவை வாந்தி எடுத்திருக்கிறார் மனுஷன். இருந்தாலும் சிரித்த முகத்தோடு இறங்கினார்.

அப்பா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பறிச்சிரலாம்மா."