நகைக்கடை வாசலில் உன் மாமா

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உன் மாமாவும் பார்வைக்கு நலம்தான். நீ, உன் வீட்டுக்காரி, உன் தொப்பை மூவரும் நலமா?

விஷயம் என்னன்னா, பேக்கரியில வேலை முடிஞ்சு வர்ற வழியில உன் மாமா தினமும் நகைக்கடை கண்ணாடி முன்னால நிக்கிறார்னு எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னா. அடேயப்பா, இந்த மனுஷன் எனக்கு வளையல் பார்க்கிறார்னு நானும் கையில சோப்பைப் போட்டு அளவெல்லாம் பார்த்து வச்சேன். ஒருநாள் பின்னாலயே போனேன். நகைக்கடையில நின்னார், சரி. செருப்புக்கடையில நின்னார், அதுவும் சரி. அப்புறம் சவப்பெட்டிக் கடை முன்னாலயும் நின்னு உத்து உத்துப் பார்க்கிறார் தம்பி! ஓடிப்போய், “யாருக்குப் பார்க்கிறீங்க?”ன்னு தோளைத் தட்டினேன். கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டே, “சத்தம் போடாதேடி. கொஞ்சம் நடந்தா இறுக்கிப் பிடிக்குது, நின்னா விட்டுருது. நடுத்தெருவுல சும்மா நின்னா நாலு பேர் கேட்பாங்கல்ல”ங்கிறார்.

டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். செருப்பைக் கழட்டினா குதிகால்ல புண், இவருக்கே தெரியலை. டாக்டர் பாதத்து மேல விரலை வச்சு நாடியைத் தேடுறார், தேடுறார், இவர் வீட்டுல மூக்குக்கண்ணாடியைத் தேடுற மாதிரி. கிடைக்கலை. சர்க்கரை வருஷக்கணக்கா இருந்ததுல காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிருச்சாம். ரத்தம் போகாத இடத்துல புண் ஆறாதாம், விட்டா குதிகால்ல ஆரம்பிச்சுக் காலுக்கே வினையாயிருமாம். வெள்ளிக்கிழமை வாங்க, கணுக்கால்ல பட்டை கட்டி ரத்தம் எவ்வளவு போகுதுன்னு பார்க்கலாம், ஊசிகூடக் கிடையாதுன்னார். இவர் வரமாட்டேங்கிறார். “பார்த்தாத்தானே வெட்டணும்பாங்க, பார்க்காட்டி யார் சொல்லப்போறா?”ங்கிறார். எவ்வளவு அறிவு பாரு! இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தீங்களே. கேலியாத்தான் எழுதுறேன், ஆனா அவர் கண்ணசந்தா அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சில்லுன்னு இருக்கு தம்பி.

நீ சொன்னாக் கேட்பார். வியாழக்கிழமையே வந்து நாலு வார்த்தை நல்லாத் திட்டு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்க எல்லார் கால்களுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேல எழுதினதை எல்லாம் விட்டுரு. உறையை ஒட்டுறதுக்குள்ள இவர் பிடுங்கிப் படிச்சு, வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, “சரி, வர்றேன்”னுட்டார். வெள்ளிக்கிழமைக்குச் சட்டைகூட எடுத்து ஆணியில மாட்டியாச்சு. “நீயும் வர்றேல்ல?”ன்னார். அன்னிக்குத் துவைக்க நிறையக் கிடக்குன்னு சொல்லிட்டேன் தம்பி. அந்த டாக்டர் வாயிலிருந்து என்ன வருமோ, அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நீ கண்டிப்பா வரணும். அவர் தானாப் போயிருவார், என்னைக் கூட்டிக்கிட்டுப் போ.