கயித்துக்காரரின் மச்சினன்

ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, டிரைவரிடம் குடும்ப விவரம் விசாரித்த மனிதர் தென்காசி தாலுகாவிலேயே ஒருவர்தான். எங்கள் கயித்துக்காரர்.

குற்றாலத்துக்கு மேலே, மலையில் தேனெடுக்கும் பளியர் குடியைச் சேர்ந்தவர் அவர். தோளில் எப்போதும் கொடியால் முறுக்கிய கயிறு கிடக்கும். பாறை விளிம்பிலிருந்து அதில் தொங்கித்தான் தேனடையை அறுக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அக்காள் புருஷனை எந்தத் தம்பியும் கைவிட மாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

அதே கணக்கை அவர் பஸ்ஸுக்கும் போட்டார். மணிக் கயிறு கண்டக்டர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இவர் உங்கள் மச்சினனா என்று டிரைவரைக் கேட்டார். இல்லை என்றதும் இறங்கி, குற்றாலத்துக்கு நடந்தே போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். மலைத்தேன் வருஷா வருஷம் ஏலத்துக்கு வரும். யாராவது ஒரு காண்ட்ராக்டர் எடுப்பார். உயிரைப் பணயம் வைத்து எடுத்த தேனை, அவர் சொன்ன விலைக்குப் பளியர்கள் கொடுக்க வேண்டும். எங்கள் மலைத் தேனை நாங்களே சங்கமாகச் சேர்ந்து ஏலத்தில் எடுக்கிறோம் என்று மனு அடிக்க வந்தார் கயித்துக்காரர். அனுமதியும் கிடைத்தது. டெபாசிட்டுக்காக மலைக் குடும்பங்கள் எல்லாம் எஸ்டேட் கூலியில் ஒரு பங்கைப் பொதுப்பானையில் போட்டன. பானை பாதிதான் நிரம்பியது.

மீதியைத் தருவதாகக் குற்றாலத்து லாட்ஜ் முதலாளி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஒரே ஒரு நிபந்தனைதான் என்றார்: சங்கத்துக்குத் தலைவர் தான்தான், பணம் தன் பொறுப்பில், சங்க வாசலில் தன் பெயரில் போர்டு. எனக்கு அதுவே பெரிய காரியமாகத் தெரிந்தது. மனதுக்குள் போர்டுக்கு வாசகமே எழுதிவிட்டேன். கயித்துக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"முதலாளி, ஒங்க கல்லாவுல இருக்கது யாரு?"

"எம் மச்சினன். ஏன் கேக்கீரு?"

"எங்க கல்லாவுலயும் எங்க மச்சினன்தான் இருப்பான்."

முதலில் சிரித்தது கல்லாவில் இருந்த மச்சினன்தான். முதலாளி முகம் சிவந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு பணத்தை எடுத்து நீட்டினார்.

"போர்டு கெடக்கட்டும்வே. தலைவர ஒங்களுக்குள்ளயே பாத்துக்கிடுங்க."

ஏலத்தன்று ஃபாரஸ்ட் ஆபீஸில் காண்ட்ராக்டர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். சங்கமும் விடவில்லை. கடைசியில் காண்ட்ராக்டர் ஒதுங்கிக்கொண்டார். சங்கத்தின் பெயருக்கு 'மூணு தரம்' விழுந்ததும், தேனடை கீழே இறங்கும்போது மலையில் போடும் கூவலை அத்தனை பேரும் சேர்ந்து போட்டார்கள். ஆபீஸ் கூரையில் ஓடு நின்றதே ஆச்சரியம். நானும் கூவினேன், வெட்கமில்லாமல்.

வெளியே வந்ததும் கயித்துக்காரர் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஊர்க்காரர் ஒருவர் கையிலும் அவர் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். இதப் பிடிங்க மச்சினா."

எனக்கு அக்காளும் கிடையாது, தங்கையும் கிடையாது. ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை, உட்காராமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.