பூச்சி ஆட்டத்துக்கு வர்ணம் பூசிய கதை

நம்மிடையே ஒரு வகை மனிதர் உண்டு. புதிதாக வந்த எதைக் காட்டினாலும் முகத்தைச் சுளிப்பார்; மறைந்துபோன எதைப் பற்றிப் பேசினாலும் உருகி வழிவார்; மறைந்துபோன அதையே யாராவது புதுசாகச் செய்து தரவேண்டும், ஆனால் ஒரு திருகாணிகூட மாறியிருக்கக் கூடாது என்று உலகத்துக்கே உத்தரவு போடுவார். இந்த இனத்துக்கு ‘மறுபடியும் போடுப்பா’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பசியாறும் கடையில், கோயில் மண்டபத்தில், பஸ் நிற்குமிடத்தில் எங்கும் இருக்கிறார். ஆனால் இவர் நன்றாகக் கொழுத்து வளரும் இடம் எது தெரியுமா? வீடியோ கேம் கடை.

சிரிக்காதீர்கள். வீடியோ கேம் நம் மலேசியாப் பக்கம் வந்தே பத்து வருஷம்தானே, அதற்குள் அதில் பழசு ஏது என்று கேட்பீர்கள். அது உங்களுக்கு. இவருக்கு ஒரு பொருள் பழசாக ஏழு வருஷம் தாராளம். அவசரம் என்றால் இரண்டு வருஷத்திலும் முடித்துக்கொள்வார்.

என் பார்வைக்குக் கிடைத்த முதல்தர மாதிரி சீனி. சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, சிம்பாங் பூலாய் கல்லுடைக்கும் ஆலையில் வெல்டராக வேலை பார்ப்பவர். மாலையானால் பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்துவிடுவார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஆ கியோங் என்ற சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, வைத்திருந்த வீடியோ கேம் கடைதான் அவருடைய தர்பார். ஆடுவது குறைவு. ஆடுபவனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் மும்முரமாக ராக்கெட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போது தோளில் தட்டிப் பேச்சை ஆரம்பிப்பார். அவன் ராக்கெட் வெடித்ததும், “பாத்தியா? இப்ப வர்ற மெஷினெல்லாம் இப்படித்தான்லா” என்பார்.

1986இல் நான் தினமும் கேட்ட பிரசங்கம் இது:

“எழுவத்தொம்பதுல ஒரு பூச்சி மெஷின் இருந்திச்சு பாரு மச்சான். கறுப்பு வெள்ள. மேலேருந்து பூச்சி வரிசை வரிசையா எறங்கும். நாம கீழேருந்து சுடணும். கிட்ட வரவர நெஞ்சு அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அத எவனாச்சும் திரும்பவும் போட்டான்னு வையி, நான் வேலைய விட்டுட்டு இங்கயே நிப்பேன்.”

“அப்படியே போடணுமாண்ணே?”

“அப்படியே. கலர் மட்டும் சேத்தாப் போதும். வேற ஒன்னும் தொடக்கூடாது.”

இப்போதைய மெஷின்களை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், கலர் கலராக வாந்தி எடுத்து வைத்த மாதிரி இருக்கிறதாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தேக ரேகை ஓடவேண்டுமே? ஓடாது.

அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. இரண்டு குச்சியால் பந்தைத் தட்டும் ஆட்டத்தை மறுபடியும் போடவேண்டும். சத்தத்தைக் கூட்டவேண்டும், ஆனால் அதே சத்தமாக இருக்கவேண்டும். டாங்கிச் சண்டையைப் போடவேண்டும். படம் பெரிதாகவேண்டும், பெட்டி அதே அளவில் இருக்கவேண்டும். இருட்டு ரோட்டில் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்று இருந்ததே, திருப்பும்போது ஸ்டீயரிங் கழன்று கையோடு வந்துவிடுமே, அதைப் போடும்போது அந்தக் கழன்று வருவதை மறந்துவிடக் கூடாது. நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். கேட்டதோடு நின்றோமா? குழு ஒன்றும் அமைத்தோம்.

நம்மவர்களுக்கு ஒரு குறை வந்தால் வேறு என்ன செய்யத் தெரியும்? தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் கூட்டம், தீர்மானம், மகஜர். அந்தப் பழக்கத்தை அப்படியே வீடியோ கேம் கடைக்குக் கொண்டுவந்தோம். ஜப்பானிலுள்ள கம்பெனிக்கு, பழைய ஆட்டங்களைத் திரும்பத் தயாரிக்கக் கோரி, மகஜர் அனுப்புவதென்று முடிவாயிற்று. தலைவராக இராஜசிங்கம் ஐயாவைப் பிடித்தோம். ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தார். வாழ்நாளில் ஒரு மெஷினையும் தொட்டதில்லை. பஸ் வரும்வரை கடையின் காற்றாடிக்குக் கீழே உட்காருவார், அவ்வளவுதான். தலைவராக அது போதாதா? கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் செயலாளர்.

“முதல்ல எந்த ஆட்டம் எண்டு தீர்மானியுங்கோ தம்பிமார்” என்றார் தலைவர். பூச்சிக்கு மூன்று ஓட்டு, பந்துக்கு மூன்று ஓட்டு. தலைவர் தம் ஓட்டைப் பூச்சிக்குப் போட்டார். பூச்சிக் கட்சிதான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தது. பந்துக் கட்சியார் வெளிநடப்புச் செய்து, எதிர்க்கடையில் அதே பெயரில் இன்னொரு குழு தொடங்கினார்கள். மகஜரை எழுதி முடித்த பிறகுதான் கம்பெனியின் விலாசம் யாருக்கும் தெரியாது என்பது தெரியவந்தது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனோம்.

இதையெல்லாம் ஒருவன் நிஜமென்று நம்பித் தொலைத்தான். அவன் பெயர் பத்துமலை.

ஆ கியோங் கடையில் கூட்டிப் பெருக்குவது, பியூஸ் மாற்றுவது, மெஷினில் சிக்கிய காசை எடுத்துவிடுவது எல்லாம் அவன்தான். இருபத்தெட்டு வயது, டி.வி. ரிப்பேர் வேலையைத் தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். கடையின் பின்பக்கம், சீனி உருகி உருகிப் பேசிய அதே பூச்சி மெஷின் செத்துக் கிடந்தது. தவுக்கே அதன்மேல் குடையைக் காயப்போடுவார். பத்துமலை அதைத் திறந்தான். எட்டு மாதம், கடை சாத்திக் கிடக்கும் காலை வேளைகளில், பழைய போர்டுக்கு உயிர் கொடுத்தான். எங்கோ விலைக்கு வந்த கலர் டி.வி.யின் படக்குழாயை உள்ளே பொருத்தினான். பூச்சிகளுக்கு வர்ணம் கொடுக்கத் தானே யோசித்து ஒரு சின்னப் போர்டு செய்து, பெட்டியின் அடியில் வைத்தான். சத்தத்தைத் தொடவில்லை, வேகத்தைத் தொடவில்லை. சீனி கேட்டது கேட்டபடி.

தவுக்கே பார்த்தார். மலாயில் அவர் சொன்னது இதுதான்: “தீபாவளி வாரம் முழுக்க இந்த மெஷினுக்கு முன்னால் ஆள் வரிசையாக நிற்கவேண்டும். நின்றால், என்னுடைய கடைகள் எல்லாவற்றுக்கும் நீதான் மெக்கானிக். தஞ்சோங் மாலிம் கடையின் மாடி வீடும் உனக்கு. நிற்காவிட்டால், கோலாலம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். எனக்கு இரண்டு பேர் தேவையில்லை.”

அந்த மாடி வீடு பத்துமலைக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அம்மா செல்லாயி ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போடப்போகிறார்கள். வருஷக் கடைசிக்குள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. தாயும் மகனும் சேர்ந்து இருக்க வேறு இடமில்லை.

திறப்பு விழா வைத்தோம். புது லோரி வாங்கினால் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தோம்: மெஷினுக்கு மாலை, கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு, கீழே எலுமிச்சம்பழம். இராஜசிங்கம் ஐயா நாற்பது நிமிஷம் பேசினார். அதில் முப்பத்தைந்து நிமிஷம் ரயில்வே. பிறகு சூடம் காட்டி, சீனியைத் தேங்காய் உடைக்கச் சொன்னோம். வெல்டரின் கை. ஓங்கி அடித்த அடியில் தேங்காய்த் தண்ணீர் தரையில் சிந்தாமல் எம்பிப் போய், காசு போடும் கதவிடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. சிவப்பும் மஞ்சளுமாய் நின்ற பூச்சிகள் ஒரு நொடி நடுங்கி, வெள்ளையாகிவிட்டன. அடியிலிருந்த சின்னப் போர்டு நனைந்துவிட்டது; மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்துமலை தலையில் கையை வைத்துக்கொண்டான். சீனியோ காசைப் போட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்.

“இதான்! இதான் மச்சான்! சாமாலா, அப்படியே சாமா! வா, வந்து பாரு!”

சாமா என்றால் மலாயில் அச்சாக அதே என்று அர்த்தம். சீனியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கடை திமிலோகப்பட்டது. பந்துக் கட்சியார்கூட எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்தார்கள். வரிசை கடைமுன் நடையான ஐந்தடி வழியைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. தவுக்கே சிரித்தார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்துமலை வேலைக்காரன். தான் செய்த பொருள் பழுதாகி நின்றதை அவனால் பொறுக்க முடியவில்லை. எட்டு மாதத்து வர்ணத்தை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் வேறு. மறுநாள் காலை வந்து, ஈரத்தைத் துடைத்து, கருகிய இரண்டு சாமான்களை மாற்றி, வர்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தான்.

சொல்லிவிடுகிறேன்: அழகாக இருந்தது. மேல் வரிசை சிவப்பு, நடு வரிசை மஞ்சள், கீழே நம்முடைய துப்பாக்கி பச்சை. சுடும்போது குண்டு ஒவ்வொரு வரிசையிலும் நிறம் மாறிப் போகும். நான் மூச்சுவிட மறந்து பார்த்தேன்.

மாலையில் சீனி வந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். காசு போட்டு இரண்டே நிமிஷம் ஆடினார்.

“சாமா இல்லலா.”

“என்னாண்ணே இல்ல?” என்றான் பத்துமலை.

“பூச்சி குண்டாயிருச்சு. சத்தம் மாறிப்போச்சு. வேகமும் சரியில்ல.”

“அதையெல்லாம் நான் தொடவே இல்லண்ணே. நீங்க சொன்ன கலர் மட்டுந்தான்.”

“கலரு சொன்னேன், இந்தக் கலரா சொன்னேன்?”

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் வரிசை கலைந்தது. பத்துமலை பயந்துபோய், மறுநாள் அந்தச் சின்னப் போர்டையே கழற்றி எடுத்துவிட்டு, முதல் நாள் இருந்த மாதிரி வெள்ளைப் பூச்சியாக்கி வைத்தான். சீனி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பிரிச்சு மேஞ்சிட்டான்லா. கை வச்ச மெஷின் இனிமே சரியா வராது.” அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை.

வரிசையிலிருந்து முதலில் நழுவியவன் யார் என்று கேட்கிறீர்களா? செயலாளர்தான். கண்ணெதிரே அழகைப் பார்த்தவன், சீனி உதட்டைப் பிதுக்கியதும், ‘ஆமாம், ஏதோ குறைகிறது’ என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வாரம் முடிந்தது. கோலாலம்பூர் மெக்கானிக் வந்து பெட்டியைக் காலி செய்து, புது ஆட்டம் ஒன்றைப் போட்டான். பத்துமலை பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். எட்டு ஆண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில். செல்லாயி அம்மாவை மகள் வீட்டில், தெலுக் இந்தானில், கொண்டுபோய் விட்டான். இரண்டு அறை வீடு, பேரப்பிள்ளைகள் ஐந்து. அந்த அம்மாள் சமையலறையில் பாய் போட்டுப் படுக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்து, தைப்பூசத்துக்கு ஈப்போ வந்தபோது பத்துமலை கடைப் பக்கம் எட்டிப்பார்த்தான். சீனி அங்கேதான் நின்றார், யாரோ ஒருவன் தோளைத் தட்டிக்கொண்டு. இவனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“மச்சான், நீ போட்ட அந்தக் கலர்ப் பூச்சி மெஷின் இருக்கே, அது மெஷினுலா! குண்டு கலர் மாறி மாறிப் போகுமே! இப்ப வர்றதெல்லாம் சும்மா. அத மறுபடியும் ஒன்னு போடேன். ஒன்னுமே மாத்தாத.”

பத்துமலை கேட்டான்: “நல்லாவா இருந்திச்சுண்ணே?”

“என்னா இப்படிக் கேக்குற? அது மாதிரி இனிமே வருமா?”

“அப்ப அன்னிக்கு ஏண்ணே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா எங்கம்மா இன்னிக்கு அடுப்படியில படுத்திருக்க மாட்டாங்க.”

சீனிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அன்னிக்கு அது புதுசு இல்லையா மச்சான்?”

பத்துமலை கையை விடுவித்துக்கொண்டு பினாங்கு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தான்.

சீனியை இப்போது மனசுக்குள் திட்டுகிறீர்கள். திட்டுங்கள், தகும். ஆனால் நேயரே, ஒன்றை மட்டும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ, ‘என்ன இருந்தாலும் அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் கேலியெல்லாம் எவ்வளவு நன்றாக எழுதினார்கள்’ என்று ஒரு பெருமூச்சு விட்டீர்களா, இல்லையா? விட்டிருந்தால் பாதகமில்லை. இந்தத் தாளை மடித்து எங்காவது போட்டு வையுங்கள். ஏழு வருஷத்தில் இதுவும் உங்களுக்குப் பிடித்துவிடும்.