வாரேன்னா வரணும்

வாசற்படியில் நின்று டைனமோ அண்ணன் அளவுக்குத் திட்டு வாங்கிய மனிதர் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது. யார் வீட்டில் காப்பி குடித்தாலும் கிளம்பும்போது "போறேன்" என்பார். "வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்று பெண்கள் பதறுவார்கள். "நாளைக்கு எனக்கு இங்கிட்டு சோலி இல்லையே, வராம எப்புடி வாரேங்கிறது?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுப்பார். எங்கள் ஆபீஸில் தபால் பிரிவு குமாஸ்தா. பட்டப்பகலிலும் டைனமோவை ஓடவிட்டுக்கொண்டு போவதால் அந்தப் பெயர். சும்மா விட்டால் துருப்பிடித்துவிடுமாம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, இருவரும் சைக்கிளில் கீழக்குயில்குடி மலைக்குப் போனோம். திரும்பும்போது வண்டிப்பாதைப் பள்ளத்தில் குப்புற விழுந்தேன். முன்சக்கரம் கோணிக்கொண்டது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. அண்ணன் காற்றடிக்கும் பம்பை அணைகொடுத்து, துண்டால் காலைக் கட்டினார். அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தொங்கியதும் உயிர் போய் வந்தது.

எரு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. வண்டிக்காரர் இறங்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "எலும்புதான் போல. பாத்துக்கங்கண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அண்ணன் நிம்மதியாகக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தார்.

"வாரேன்னு சொல்லியிருக்காரு. வருவாரு."

அது வழக்கத்துக்குச் சொல்வது என்று அழாத குறையாக விளக்கினேன். மனிதர் அசையவில்லை. அப்புறம் ஒரு செங்கல் லாரி நின்றது. டிரைவர் ஏறச் சொன்னார். அண்ணன் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். வண்டிக்காரர் வந்து நம்மைத் தேடினால் பாவமில்லையா என்றார். அண்ணன் கழுத்தை நெரிக்கலாமா என்றுகூட யோசித்தேன். எழுந்து நிற்க முடியாததால் தப்பித்தார்.

மூன்று மணிக்கு வெறும் வண்டியோடு வீடு திரும்பிய வண்டிக்காரர், எங்களைக் கண்டு திகைத்துப்போனார்.

"இன்னுமா இருக்கீக?"

"நீங்கதான வாரேன்னீக."

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். எருவாசம் அடித்த வண்டியில் சாக்கை விரித்தார். என்னைத் தூக்கிப் படுக்கவைத்து, தன் ஊரையும் தாண்டி, கோரிப்பாளையம் பக்கத்திலிருந்த பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினார். வழி நெடுக, பின்னால் டைனமோ உறுமிக்கொண்டே வந்தது.

மாவுக்கட்டோடு என்னை வீட்டில் சேர்த்துவிட்டு, அண்ணன் வாசலில் நின்றார். முதல்முறையாக "வாரேன்" என்றார். மறுநாள் காலை தெருமுனையில் டைனமோ சத்தம் கேட்டது. கட்டுப் பிரிக்கும்வரை அவர் கேரியரில்தான் ஆபீஸ் போனேன். ஒருநாள்கூடத் தவறவில்லை.

மாற்றலாகி ஊரைவிட்டுக் கிளம்பியபோது, வழக்கப்படி நானும் அவரிடம் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். அதன்பிறகு போகவேயில்லை. போன வாரம் மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவர் காத்திருப்பார்.