மீன்களுக்குக் கூச்சம்

ஆறு மீன்களில் அன்று காலை கண்ணில் பட்டது ஒன்றரை வால். ஒரு வால் முழுதாக, இன்னொன்று பாதி. மிச்சமெல்லாம் தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால்.

பிழை திருத்துபவர் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கு பதிய எட்டிப் பார்த்தார். அரை வாலும் உள்ளே போய்விட்டது.

அச்சுக்குப் போகிற புத்தகங்களில் எழுத்துப் பிழை பார்ப்பது அவர் தொழில். மூன்று வருஷத்துக்கு முன் அச்சகத்துக்காரர்கள் ஆபீஸைக் காலி செய்துவிட்டு, "இனிமே வீட்டுலேருந்தே பார்த்து அனுப்புங்க" என்று சொன்னார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்று உள்ளறைக்குள் போனவர்தான். வாசலில் மணி அடித்தால் உள்ளறையும் போதாது, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். யார் வந்தாலும் அவருக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் வரும்.

"எந்நேரமும் எழுத்தையே பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று மனைவி ஒரு தொட்டியும் ஆறு மீனும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். மீன்களை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சத்தம் கிடையாது, கேள்வி கிடையாது, ஆள் வந்தால் ஒதுங்கிக்கொள்கின்றன. இவ்வளவு நாகரிகத்தை அவர் மனிதர்களிடம் கண்டதில்லை. ஆனால் ஒரு தடவையாவது முழுதாகப் பார்க்க வேண்டாமா?

மீன் வந்த மறு வாரமே மச்சினனும் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. நாலு நாள் என்றான். இருபத்தாறாவது நாள் நடக்கிறது.

"அத்தான்! என்ன, மீனுக்கு இன்னிக்கும் லீவா?" என்று கேட்டபடி சோபாவில் தொப்பென்று விழுந்தான். முழு வாலும் காணாமல் போனது.

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார்.

"உன் தம்பி போடற சத்தத்துலதான் மீனெல்லாம் நடுங்குது. ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல மீன் இருக்கணும்."

மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள். எதையும் அளந்துதான் கொடுப்பாள், பேச்சையும் சேர்த்து.

"எதையும் பாதியில நிறுத்தினா பலிக்காதுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. மீன் வெளியே வந்து நீந்திச்சுன்னா அவனை ஊருக்கு அனுப்பிடறேன். நீந்தலன்னா மீனைக் கடையில திருப்பிக் கொடுத்துடணும்."

"இன்னிக்கே திங்களாச்சே!"

"ஆறு மீன், ஆறு நாள். தாராளம்."

செல்போனில் துழாவியதில் ஒரு விஷயம் கிடைத்தது. ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருந்தால்தான் கூச்சமுள்ள மீனுக்குத் தைரியம் வரும், தைரியம் வந்தால்தான் வெளியே வருமாம். படிக்க நியாயமாகத்தான் இருந்தது. பட்டியல் எழுதி மச்சினனிடம் நீட்டினார்.

"நான் போனா தப்பா வாங்கிட்டு வருவேன் அத்தான். வண்டியில ஏறுங்க."

ஏறினார். வேறு வழி? வழியெல்லாம் மச்சினன் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் கைகாட்டிக்கொண்டே போனான். பின்னால் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அவரும் கைகாட்ட வேண்டியதாயிற்று.

கடைத்தெருவில் வாங்கிய இரண்டு குட்டிப் பானைகளும் ஒரு கட்டுச் செடியும் தொட்டிக்குள் இறங்கின. மீன்கள் பானைக்குள் குடியேறின. அதோடு சரி. முன்பு ஒன்றரை வாலாவது சொந்தமாக இருந்தது, இப்போது அதுவும் போச்சு.

புதன்கிழமை அடுத்த யோசனை. தொட்டியின் மூன்று பக்கமும் கருப்பாக மூடி, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அலமாரியின் அடித்தட்டில் பழைய மழைக்கோட்டு ஒன்று கருப்பாகக் கிடந்தது. அளவெடுத்து, கோணல் இல்லாமல் வெட்டி ஒட்டினார். ஜன்னல்களைச் சாத்தினார். கூடம் கும்மிருட்டானது. வேலை முடிந்து வந்த மனைவி வாளியில் கால் இடறி, தண்ணீரெல்லாம் சோபாவுக்கு அடியில் ஓடியது. அதைத் துடைக்கும்போதுதான் மச்சினன் தொட்டியைப் பார்த்தான்.

"அத்தான், அது நான் போன வாரம் வாங்கின கோட்டு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் புதுக் கோட்டு வாங்க அவரும் போக வேண்டியதாயிற்று. கடையில் கால் வைத்ததுமே மச்சினன் ஆரம்பித்துவிட்டான். "இவர் எங்க அத்தான். எவ்வளவு பெரிய புஸ்தகமா இருந்தாலும் ஒரு தப்பு தப்பிக்க முடியாது!"

கடைக்காரர் உடனே அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய்ப் புதுப் பலகையைக் காட்டினார். மூன்று பிழை இருந்தது. சொல்லாமல் விட மனசு வரவில்லை. சொன்னதும் டீ வந்தது, டீயோடு கடைக்காரரின் அண்ணன் வந்தார், அண்ணனோடு அவர் எழுதி வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. வீடு திரும்பும்போது தலை விண்விண்ணென்று தெறித்தது. மீன்கள் பானையை விட்டு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். சத்தம்தான் எமன். மணியைக் கழற்றினார். கதவில் ஒரு தாளை ஒட்டினார்.

"மணி இல்லை. கதவைத் தட்ட வேண்டாம். மீன்களுக்குக் கூச்சம்."

ஒரு பிழை கிடையாது. ஆனால் அந்த மூன்று வரி, கட்டிடம் முழுவதையும் அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. மணி அடித்தால் குளியலறைக்கு ஓடலாம். மணியே இல்லாவிட்டால் எதைக் கேட்டு ஓடுவது? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார் மனுஷர். குப்பை போடக் கதவைத் திறந்தவர், எதிரே பதினோரு பேர் நிற்பதைக் கண்டு வாளியோடு அப்படியே நின்றார்.

"கூச்சமா? மீனுக்கா?" என்றார் மாடி வீட்டு ரிட்டயர்டு டிரைவர்.

"உள்ளே வாங்க, வாங்க! அத்தானே விளக்கமா சொல்லுவார்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொன்னார். மீனுக்கு ஏன் பயம் வருகிறது, பயந்தால் ஏன் நிறம் வெளுக்கிறது, வெளிச்சம் என்ன செய்யும், பானை என்ன செய்யும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் பேசிய மொத்தப் பேச்சு அவ்வளவு இருக்காது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா தன் மகளின் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னாள். டிரைவர், "காலையில ஆறு மணிக்கு நடக்கப் போவேன், நீங்களும் வாங்க சார்" என்றார். எப்படியாவது கிளம்பினால் சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு பானைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அவரை எமனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் ஒரு பொட்டுத் தெம்பில்லை. நம்மால்தான் இதுகளுக்கு இவ்வளவு கஷ்டம் என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை செருப்பை மாட்டினார். மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்று எண்ணம்.

"இருங்க அத்தான், சட்டையை மாத்திக்கிட்டு நானும் வரேன்."

"வேண்டாம் மாப்ளே. நானே போயிக்கறேன்."

படியில் டிரைவர் எதிர்ப்பட்டார். "நாளைக்கு ஆறு மணி, மறந்துடாதீங்க!" என்றார். "மறக்க மாட்டேன்" என்று அலுப்போடு சொல்லிவிட்டு பஸ் பிடித்தார். பக்கத்து சீட்டுக்காரர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு இவரே எட்டிப் பார்த்து நிறுத்தத்தைச் சொன்னார்.

மீன் கடைக்காரர் தொட்டிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கிற பேச்சை எடுக்க வாயைத் திறந்தவர், ஓரத்துத் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அதே ஜாதி மீன்கள். நட்டநடுவில், கல்யாண வீட்டில் நடப்பதுபோல் அலட்டிக்கொள்ளாமல் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றின் வயிற்றில் நீலக்கோடு ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்க வீட்டம்மா போன மாசம் தொட்டியோட ஆறு வாங்கினாங்களே, இது அந்த மீன்தானே?"

"அதே மீன்தான் சார். ஒரே நாள்ல வந்தது."

"அங்க அஞ்சு நாளா நான் தலைகீழா நிக்கறேன், ஒண்ணும் வெளியே வரல. இங்க மட்டும் எப்படி?"

"மேல பாருங்க."

தண்ணீரின் மேல்மட்டத்தில் உடம்பில் வரி போட்ட வேறு மீன்கள் நாலு குறுக்கும் நெடுக்கும் பாய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் விரலை நீட்டியதும் நாலும் வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்தன.

"இதுங்களுக்கு வெக்கம் மானம் எதுவும் கிடையாது. யார் வந்தாலும் முன்னாடி வந்து நிக்கும். கூச்ச சுபாவம் உள்ளது ஒளிஞ்சுக்கிட்டு இதைப் பார்க்கும். 'இவ்வளவு ஆட்டம் போடறவனையே யாரும் ஒண்ணும் பண்ணலையே, நமக்கு என்ன வந்துச்சு'ன்னு மெல்ல மெல்ல வெளியே வந்துடும். பானை, செடி, இருட்டு எல்லாம் வேணும்தான் சார். ஆனா துடுக்கா ஒண்ணு கூட இருந்தாத்தான் தைரியம் வரும்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. நாளைக்கு ஞாயிறு. மீனும் நீந்தும், மச்சினனும் கிளம்புவான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"நாலு கொடுங்க," என்றார். பிறகுதான் கோபம் வந்தது. "ஏங்க, இதை மீன் விக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மழைக்கோட்டாவது மிஞ்சியிருக்கும்!"

கடைக்காரர் பையின் வாயை முறுக்கி ரப்பர் வளையம் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கே உங்க வீட்டம்மாகிட்ட விவரமா சொன்னேனே சார். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, 'மீனுக்கு அப்புறம் வாங்கிக்கறேன், எங்க வீட்டுக்காரருக்கு மொதல்ல என் தம்பியை வரச் சொல்றேன்'னுட்டுப் போனாங்க."